வழவழப்பும் வாசனை எண்ணெயும்

கடையில் இட்லி மாவு ஆட்டி விற்கும் நண்பர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. அரிசி அதே அரிசி, உளுந்தும் அதே உளுந்து, தண்ணீரும் மாறவில்லை. ஆனாலும் ஒரு வாரம் மாவு நன்றாக இருக்கிறது, மறு வாரம் மாலைக்குள் பொங்கி வழிந்து ஒரு மாதிரி வாடை அடிக்கிறது. "ஏனுங்கண்ணா, போன தடவை வாங்கினது நல்லா இருந்துச்சே, இது ரெண்டு நாள்கூடத் தாங்கலையே?" என்று வாடிக்கைக்கார அம்மணி கேட்கும்போது, வெயிலைக் காரணம் காட்டிச் சமாளிக்கிறோம். வெயில் ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் கிரைண்டருக்குள்ளேயே இருக்கலாம். உருளைக் கல்லைக் கழற்றி, அச்சு நுழையும் துளையின் ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று ஏதாவது ஒட்டினால் அதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இதே வழவழப்பு 20 லிட்டர் தண்ணீர்க் கேனின் அடியில் இருக்கும். பால் பாக்கெட் வைக்கும் டப்பின் மூலையிலும், குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டிலும், கை கழுவும் தொட்டியின் வடிகுழாயிலும் இருக்கும். நாம் இதைப் பாசி என்போம், சிலர் கசடு என்பார்கள். விஞ்ஞானிகள் இதற்கு 'பயோஃபிலிம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் நுண்ணுயிர்ப் படலம் எனலாம்.

சமீப காலமாக இந்தப் படலத்தை ஒழிக்க மூலிகை எண்ணெய்களே போதும் என்ற பேச்சு அதிகமாகக் கேட்கிறது. யூகலிப்டஸ், கிராம்பு, ஓமம், எலுமிச்சைப்புல் என்று வாசனை எண்ணெய் கலந்த தரை கழுவும் திரவங்களும் பாத்திரம் துலக்கும் திரவங்களும் நம் கடைகளுக்கு வந்து குவிகின்றன. கமிஷன் நன்றாகத்தான் இருக்கிறது. சரக்கை எடுக்கலாமா, எடுத்தால் வாடிக்கையாளரிடம் என்ன சொல்லி விற்பது, நம் கடைக் கிரைண்டரையே அதை நம்பிக் கழுவலாமா என்பதை வணிகர்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

துணி வியாபாரி கண்டது

நுண்ணுயிர்ப் படலத்தை முதன்முதலில் பார்த்தவர் ஒரு வியாபாரி என்பது நமக்கெல்லாம் பெருமையான செய்தி. ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் நகரத்தில் ஜவுளிக் கடை வைத்திருந்த லீவன்ஹுக் என்பவர், பூதக்கண்ணாடிகளைத் தாமே தேய்த்துச் செய்துகொள்வார். 1683-ஆம் ஆண்டு தம் பல்லில் படிந்திருந்த வெள்ளை அழுக்கைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார். அதில் ஏராளமான சிறு உயிர்கள் நெளிந்துகொண்டிருந்தன. அவர் அதோடு நிற்கவில்லை, வினிகர் ஊற்றினால் அவை சாகின்றனவா என்றும் சோதித்தார். அழுக்குக் கட்டியின் வெளிப்புறத்தில் இருந்தவை செத்தன, உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன. முந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் மருத்துவமனைகளும் பால் பண்ணைகளும் போராடிக்கொண்டிருப்பது இந்த ஒரு விஷயத்தோடுதான்.

கனடாவில் பணியாற்றிய காஸ்டர்டன் என்ற விஞ்ஞானி 1978-இல் இதைப்பற்றி விரிவாக எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. பாக்டீரியாக்கள் தண்ணீரில் தனித்தனியாக மிதப்பதைவிட ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழ்வதையே விரும்புகின்றன. ஒட்டியவுடன் தங்களைச் சுற்றி ஒருவகைப் பசையைச் சுரக்கின்றன. சர்க்கரைப் பொருளும் புரதமும் கலந்த பசை அது. நம் விரலுக்கு வழவழப்பாகத் தெரிவது பெரும்பாலும் இந்தப் பசைதான். அதற்குள் புகுந்துவிட்ட பாக்டீரியாவை அழிக்க, மிதந்து திரியும் பாக்டீரியாவை அழிப்பதைவிடப் பத்து மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மருந்து உள்ளே போய்ச் சேர்வதற்குள் பசையில் மாட்டி வீணாகிறது. உள்ளடுக்கில் இருப்பவை வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு தூங்குவது போலக் கிடப்பதால் அவற்றை மருந்து எளிதில் பாதிப்பதும் இல்லை.

கரும்பு ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. கரும்புச் சாறு ஓடும் குழாய்களில் கொழகொழவென்று கட்டிக்கொள்ளும் பாக்டீரியாவின் பெயர் லியூகோனாஸ்டாக். சர்க்கரையை எடுத்துப் பசையாக மாற்றி ஆலைக்காரருக்கு நஷ்டம் உண்டாக்கும் இதே லியூகோனாஸ்டாக்தான் இட்லி மாவைப் பொங்கவைத்து நமக்கு வருமானம் தருகிறது! எனவே பாக்டீரியா என்றாலே எதிரி என்று நினைக்க வேண்டாம். கிரைண்டரின் இடுக்கில் பழைய மாவோடு தங்கிவிட்ட கூட்டம் மறுநாள் மாவில் முன்கூட்டியே புளிப்பைத் தொடங்கிவைப்பதும், அந்தக் கூட்டத்துக்குள் வேண்டாத கிருமிகள் ஒளிந்துகொள்வதும்தான் தொல்லை. சோற்றிலும் மாவிலும் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி எவர்சில்வர் பரப்பில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதன் வித்துக்கள் சமையல் சூட்டையும் தாங்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று யாராவது படுத்தால் பழி மாவு விற்ற கடையின் மேல்தான் வரும்.

நம் கடைச் சரக்கிலேயே மருந்து

வாசனை எண்ணெய்க்குச் சக்தி இருக்கிறதா என்றால், சந்தேகமில்லாமல் இருக்கிறது. அந்தச் சக்தி கொண்ட பொருள்கள் பெரும்பாலும் மளிகைக் கடை அலமாரியில் இருப்பவைதான். கிராம்பின் எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். பல் டாக்டர் கடையில் அடிக்கும் வாடை அதுதான். பட்டை எண்ணெயில் சின்னமால்டிஹைடு. ஓமத்தில் தைமால். 1914-இல் முதல் உலகப் போர் தொடங்குவதற்கு முன்பு நம் நாட்டு ஓமம் தைமால் எடுப்பதற்காகவே ஜெர்மனிக்கு ஏற்றுமதியானது. ஐரோப்பாவில் தைம் என்ற செடியில் இருக்கும் சரக்கும் இதே தைமால்தான்.

இந்தப் பொருள்கள் கொழுப்பில் கரைபவை. பாக்டீரியாவின் மேலுறையிலும் கொழுப்பு இருக்கிறது. எண்ணெய் அந்த உறைக்குள் புகுந்து அதைச் சல்லடையாக்கிவிடுகிறது, உள்ளே இருக்கவேண்டியது வெளியே கசிகிறது. இது நேரடித் தாக்குதல். இன்னொரு வழி இதைவிடச் சுவையானது. பாக்டீரியாக்கள் கூட்டம் சேர்ந்துவிட்டதா என்று ஒன்றுக்கொன்று ரசாயனச் செய்தி அனுப்பித் தெரிந்துகொள்கின்றன. போதுமான ஆள் சேர்ந்த பிறகே பல வகைகள் படலம் கட்டும் வேலையில் முழுமூச்சாக இறங்குகின்றன. சங்கக் கூட்டத்துக்குக் கோரம் சேர்ந்தால்தான் தீர்மானம் போடுவோம், அதுபோல! இந்தச் செய்திப் போக்குவரத்தைச் சில தாவரப் பொருள்கள் குழப்பிவிடுகின்றன. கிருமி சாகாது, ஆனால் கூட்டம் கூடாது.

இந்த ஆராய்ச்சியில் தமிழ்நாடு பின்தங்கி இல்லை. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிர்த் தொழில்நுட்பத் துறையினர் சீரகத்தையும் அதன் மெத்தில் யூஜினால் என்ற பொருளையும் சோதித்து, அவை பாக்டீரியாக்களின் செய்திப் போக்குவரத்தையும் படலத்தையும் குறைப்பதாக 2012-இல் வெளியிட்டார்கள். மஞ்சளின் குர்குமின் சிறுநீர்ப் பாதைக் கிருமிகளின் படலத்தைத் தடுப்பதாக 2014-இல் வெளியிட்டார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளை மூட்டை மூட்டையாகக் கைமாற்றும் நம் வணிகர்கள் அறிந்துவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. (குர்குமின் வாசனை எண்ணெய் அல்ல, நிறப்பொருள். மஞ்சளின் எண்ணெய் தனி.) காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்தில் தோட்டம் தோட்டமாக விளையும் கறிவேப்பிலையின் எண்ணெயையும் மைசூரில் இதேபோலச் சோதித்திருக்கிறார்கள்.

வெளிநாட்டில் 2012-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பட்டை வகையான காசியா எண்ணெய், சிவப்புத் தைம் எண்ணெய் முதலியவற்றைப் பிடிவாதமான படலங்கள் மேல் ஊற்றிப் பார்த்தபோது, சில ஆண்டிபயாடிக் மருந்துகளைவிட அவை நன்றாக வேலை செய்தன. நாம் பிரியாணிக்கு விற்கும் பட்டையில் பெரும்பாலானது காசியாதான் என்பது வணிகர்களுக்குத் தெரிந்ததே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வியாபாரி எதையும் கணக்குப் போட்டுத்தான் நம்புவார். இங்கேயும் அதைச் செய்வோம்.

இத்தாலியில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் படலத்தை எடுத்துக்கொண்டது. ஏற்கனவே கட்டிய படலத்தை ஒழிக்க ஆரிகானோ என்ற மூலிகையின் எண்ணெய் 0.25 முதல் 1 சதவீதம் வரை தேவைப்பட்டது. சுத்தமான தைமாலோ கார்வக்ராலோ என்றால் 0.125 முதல் 0.5 சதவீதம். மிதக்கும் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான அளவைப்போல இது இரண்டு முதல் நான்கு மடங்குதான். ஆண்டிபயாடிக் மருந்துக்கு ஆயிரம் மடங்கு வரை போகும் இடத்தில் இது நல்ல மதிப்பெண்.

ஆனால் அந்தச் சதவீதத்தை நம் கடை வாளிக்கு மாற்றுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் 0.25 சதவீதம் என்றால் 25 மில்லி சுத்தமான எண்ணெய். 1 சதவீதம் என்றால் 100 மில்லி. வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? தரை துடைக்கும் வாளியில் பத்துத் துளி நீலகிரித் தைலம் விடுகிறோம். இருபது துளி சேர்ந்தால் ஏறக்குறைய 1 மில்லி. பத்துத் துளி அரை மில்லி. 10 லிட்டரில் அது 0.005 சதவீதம். அந்த ஆய்வில் ஆரிகானோவுக்குச் சொன்ன மிகக் குறைந்த அளவிலேயே ஐம்பதில் ஒரு பங்கு. வாசனை வரும், மனம் நிறையும், படலம் இருந்த இடத்தில் இருக்கும்.

அதோடு எண்ணெய் தண்ணீரில் கரையாது. துளி மேலே மிதக்கிறது, படலம் அடியில் கிடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இதைச் சாராயம் போன்ற கரைப்பானிலோ, சோப்புத்தன்மை உள்ள பொருளிலோ கலந்து பயன்படுத்துவார்கள். மேலும் அங்கே கிண்ணம் சுத்தமாக இருக்கும். நம் கிரைண்டரில் மாவும் கொழுப்பும் ஒட்டியிருக்கும், எண்ணெயின் வீரியத்தை அவையே உறிஞ்சிக்கொள்ளும். நீலகிரித் தைலத்தின் முக்கியச் சரக்கான சினியோல், கிருமியை எதிர்ப்பதில் தைமாலையும் யூஜினாலையும் விட மட்டானது. வாசனை தூக்கலாக இருப்பதால் வீரியமும் தூக்கலாக இருக்கும் என்று எண்ணுவது சரியல்ல.

வாய் கொப்பளித்த கதை

அப்படியானால் வாசனை எண்ணெயால் நடைமுறையில் பயனே இல்லையா? ஒரு இடத்தில் நூறு ஆண்டுக்கு மேலாகப் பயன்படுகிறது. பல்லில் படியும் அழுக்கும் நுண்ணுயிர்ப் படலம்தான். அமெரிக்காவில் 1879-இல் ஜோசப் லாரன்ஸ் என்ற டாக்டர் உருவாக்கிய லிஸ்டரின் என்ற திரவத்தில் நான்கு சரக்குகள்: நம் ஓமத்தில் இருக்கும் தைமால் 0.064 சதவீதம், நீலகிரித் தைலத்தில் இருக்கும் யூகலிப்டால் என்கிற சினியோல் 0.092 சதவீதம், புதினாவின் மென்தால் 0.042 சதவீதம், விண்டர்கிரீன் எண்ணெயின் மெத்தில் சாலிசிலேட் 0.060 சதவீதம். நான்கையும் கூட்டினால் கால் சதவீதத்துக்குச் சற்று மேல். கரைவதற்கு 20 சதவீதத்துக்கு மேல் சாராயம் சேர்த்திருந்தார்கள். தினமும் இரண்டு வேளை, வேளைக்கு அரை நிமிடம் கொப்பளித்தால் பல் அழுக்கும் ஈறு வீக்கமும் குறைகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல் துலக்குவதோடு சேர்த்துத்தான், துலக்குவதற்குப் பதிலாக அல்ல.

இந்தச் சரக்கிலேயே வியாபாரிக்கு இன்னொரு பாடம் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் இது சளியையும் தொண்டை வலியையும் தடுக்கும் என்று ஐம்பது ஆண்டுக்கு மேலாக விளம்பரம் செய்துவந்தார்கள். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் விசாரித்து, அது உண்மையல்ல என்று 1975-இல் தீர்ப்புச் சொன்னது. விளம்பரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது, இது சளியைத் தடுக்காது என்று சுமார் ஒரு கோடி டாலருக்கு நீங்களே விளம்பரம் செய்யுங்கள் என்றும் உத்தரவிட்டது. 1977-இல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சரக்கு பல்லுக்கு நல்லதுதான். சொல்லாத வியாதிக்கெல்லாம் சொன்னதால் வந்த வினை.

நம் நாட்டிலும் நிலைமை இப்போது அப்படித்தான். கிருமிநாசினித் திரவங்களுக்கு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளில் தனி அட்டவணையே இருக்கிறது, தயாரிக்க லைசென்ஸ் வேண்டும். ஆகவே 'கிருமிநாசினி' என்று அச்சிட்ட பாட்டிலில் லைசென்ஸ் எண் இல்லாவிட்டால் அந்தச் சரக்கை இறக்காமல் இருப்பதே நல்லது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விற்பனையாளரின் பொறுப்பைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. தயாரிப்பாளர் கொடுக்காத ஓர் உத்தரவாதத்தைக் கடைக்காரர் தாமாகக் கொடுத்து, அதற்குப் பொருள் ஒத்துவராமல் வாடிக்கையாளருக்குத் தீங்கு நேர்ந்தால், கடைக்காரர் மேலும் பொறுப்பு விழலாம். "இதை ஊத்துனா எந்தக் கிருமியும் இருக்காதுங்க" என்று கல்லாவில் உட்கார்ந்து வாய் தவறிச் சொல்வதும் உத்தரவாதக் கணக்கில் வந்துவிடக்கூடும். பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படித்துக் காட்டி விற்பதோடு நிறுத்திக்கொள்வது நமக்குப் பாதுகாப்பு. வாசனைக்காக வாங்குகிறார் என்றால் வாசனைக்காகவே விற்கலாமே, அதில் குறைவொன்றும் இல்லை.

கிரைண்டரை என்ன செய்வது

1955-இல் கோவையில் பி. சபாபதி மின்சார கிரைண்டரை உருவாக்கினார். இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. உலகத்துக்குக் கிரைண்டர் கொடுத்த ஊரிலேயே கிரைண்டரைத் தண்ணீர் ஊற்றி அலசிக் கவிழ்த்துவைப்பதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறோம்.

படலத்துக்கு முதல் எதிரி தேய்ப்பு. எந்த மருந்தும் இதற்கு மாற்றாகாது. கடைசி மாவு எடுத்தவுடன், காய்வதற்கு முன்பே, கல்லைக் கழற்றி, அச்சையும் மாவு தள்ளும் பிளேடையும் தனியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் நார் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். எவர்சில்வர் டிரம்முக்கு இரும்பு நார் வேண்டாம். அது போடும் கீறல்கள்தான் கிருமிக்கு வீடு. கல்லுக்குக் கெட்டியான பிரஷ்ஷே போடலாம். நன்றாக அலசிய பிறகு, கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் ஊற்றி எடுத்தால் பெரும் பங்கு வேலை முடிந்தது.

இதற்கு மேல் கிருமிநீக்கம் வேண்டுமென்றால் மலிவானது பிளீச்சிங் பவுடர். புதிய பவுடரில் சுமார் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு 7 கிராம் போட்டுக் கலக்கித் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்தால் பத்து லட்சத்தில் 200 பங்கு அளவில் குளோரின் கிடைக்கும். கழுவிச் சுத்தமான பாத்திரத்தில் அதைச் சில நிமிடம் நிறுத்தி, பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். அதே 10 லிட்டருக்குத் தைமால் என்றால் 12.5 கிராம் முதல் 50 கிராம் வரை வேண்டியிருக்கும் என்பதை மேலே பார்த்தோம். இரண்டின் விலையையும் நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? மேலும் கிராம்பு எண்ணெயிலோ ஓம எண்ணெயிலோ கழுவிய கிரைண்டரில் ஆட்டிய மாவுக்கு அந்த வாடை ஏறும். தேங்காய்ச் சட்னியோடு ஓம வாட்டர் வாசனையில் இட்லி சாப்பிட எந்த வாடிக்கையாளரும் காசு கொடுக்கமாட்டார்.

பிளீச்சிங் பவுடரிலும் எச்சரிக்கை வேண்டும். திறந்து வைத்தால் வீரியம் போய்விடும், எனவே சின்னப் பொட்டலமாக வாங்குவது நல்லது. கழிவறை கழுவும் ஆசிட்டோடு எக்காரணம் கொண்டும் சேரக்கூடாது, விஷவாயு கிளம்பும். இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் கடைகள் நிறைய உண்டு. இந்த வாரமே பிரித்து வையுங்கள். எவர்சில்வரில் நீண்ட நேரம் ஊறவைத்தால் உலோகத்தையும் அரிக்கும்.

கடைசியாக உலர்த்துதல். தண்ணீர் இல்லாத இடத்தில் படலம் வளராது. அரிசி மூட்டையிலும் பருப்பு டின்னிலும் இந்தத் தொல்லை இல்லாமல் இருப்பதற்கு அதுவே காரணம். கிரைண்டர் டிரம்மைச் சாய்த்து வைத்து, கல்லைத் தனியே வெயில் படும் இடத்தில் வைத்தால் போதும். தண்ணீர்க் கேன்களையும் அப்படியே. உள்ளே கீறல் விழுந்து மங்கிப்போன பிளாஸ்டிக் கேனைத் தேய்த்துச் சுத்தம் செய்ய முயல்வதைவிடத் திருப்பி அனுப்பிவிடுவது மேல்.

தைலம் வாங்கும்போது

இவ்வளவு சொன்னதால் நீலகிரித் தைலத்தின் மதிப்பைக் குறைப்பதாக நினைக்க வேண்டாம். 1843-இல் ஊட்டியில் விறகுத் தேவைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட மரம் அது. மலைக்காரர்கள் கற்பூர மரம் என்கிறார்கள், கீழே நாம் தைல மரம் என்கிறோம். இலையைப் பெரிய பாத்திரத்தில் அடைத்து நீராவியில் காய்ச்சி வடிக்கிறார்கள். நூறு கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ அளவில்தான் எண்ணெய் தேறும். சளிக்கும் உடல் வலிக்கும் அதற்கு இருக்கும் மவுசு குறையப்போவதில்லை. உலகச் சந்தையில் மிக அதிகம் உற்பத்தி செய்வது சீனா. மலைத் தைலம் என்று சொல்லி விற்கப்படுவதெல்லாம் மலையில் காய்ச்சியதா என்பது வேறு கேள்வி.

கலப்படத்தைக் கடையிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டுக் காற்றில் வையுங்கள். நல்ல தைலம் முழுக்க ஆவியாகிவிடும். எண்ணெய்க் கறை தங்கினால் சமையல் எண்ணெயோ மினரல் ஆயிலோ கலந்திருக்கிறது. டர்பன்டைன் கலந்தால் இந்தச் சோதனையில் தெரியாது, அதுவும் ஆவியாகும். அங்கே மூக்கும், வாங்கும் இடத்தின் நாணயமும்தான் துணை. மொத்தமாக எடுப்பவர்கள் சினியோல் எத்தனை சதவீதம் என்று ஆய்வுச் சான்று கேட்டு வாங்கலாம். ஐரோப்பிய மருந்து நூல் குறைந்தது 70 சதவீதம் கேட்கிறது. கிராம்பு எண்ணெய்க்கு வேறு சோதனை: சுத்தமானது தண்ணீரில் மூழ்கும். யூகலிப்டஸ் மிதக்கும். கிராம்பு எண்ணெய் என்று கொடுத்தது மிதந்தால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இயற்கைப் பொருள்தானே, ஆபத்தில்லை என்று வாடிக்கையாளர் நினைப்பார். குழந்தை ஒரு டீஸ்பூன் நீலகிரித் தைலத்தைக் குடித்துவிட்டால் வலிப்பு வந்து மயங்கிவிழும் அளவுக்கு ஆபத்து. முன்னே சொன்ன மெத்தில் யூஜினாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-இல் ஒரு படி மேலே ஏற்றியிருக்கிறது. சீரக ரசத்தில் சேரும் துளி அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பிரித்தெடுத்துச் செறிவாக்கிய சரக்கை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடையில் வைக்கும் இடமும் முக்கியம். இந்த எண்ணெய்கள் தீப்பற்றக்கூடியவை, சாமி விளக்குக்கும் ஊதுபத்திக்கும் பக்கத்தில் வேண்டாம். தெர்மாகோல் பெட்டியில் சிந்தினால் அதைக் கரைத்துவிடும். கண்ணாடி அல்லது அலுமினியப் பாட்டிலில் இருப்பதே நல்லது, சிறுவர் கை எட்டாத உயரத்தில். டீத்தூள், பால் பவுடர், பச்சரிசி மூன்றும் இருக்கும் பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரு மூடி சரியாகத் திருகாவிட்டால் போதும், ஒரு பெட்டி டீத்தூளும் தைலமாக மணக்கும், அதை எந்தக் கம்பெனியும் திருப்பி எடுப்பதில்லை.